கடைமடையில் ரஸ்ஸாக்

குர்ஆனில் 'ரஸ்ஸாக்' என்ற இறைப் பெயர் ஒரே ஓர் இடத்தில்தான் வருகிறது. அத்தாரியாத் என்ற சூராவின், அதாவது அத்தியாயத்தின், 58ஆவது வசனம். "இன்னல்லாஹ ஹுவர் ரஸ்ஸாக்கு துல் குவ்வத்தில் மத்தீன்." அல்லாஹ்தான் உணவளிப்பவன், ஆற்றல் உடையவன், உறுதியானவன். ரிஸ்க், அதாவது அல்லாஹ் அளிக்கும் உணவும் வாழ்வாதாரமும் பற்றிய பேச்சு குர்ஆன் முழுக்க இருக்கிறது. 'ஃகைருர் ராஸிகீன்', அதாவது உணவளிப்போரில் சிறந்தவன் என்றும் பல இடங்களில் வரும். ஆனால் எல்லா உயிருக்கும் ஓயாமல் கொடுத்துக்கொண்டே இருப்பவன் என்ற அழுத்தத்தோடு இந்தப் பெயர் நிற்பது இங்கே மட்டும்தான்.

எங்கள் பக்கத்தில் இந்தப் பெயர் காதில் விழாத நாள் கிடையாது. திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, காவிரித் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் ஊர்கள் எங்களுடையவை. ரஸ்ஸாக் எங்கள் வாயில் ரஜாக் ஆகிவிடும்; தெருவுக்கு இரண்டு அப்துல் ரஜாக் இருப்பார்கள். சிறு வயதில் எங்களுக்கு ஓதிக்கொடுத்த ஹஜ்ரத் ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருப்பார். யாரையும் வெறும் 'ரஜாக்' என்று கூப்பிட விடமாட்டார். "அப்துன்னு முன்னாடி சேத்துக் கூப்பிடுங்க புள்ளைங்களா, அவர் ரஜாக் இல்ல, ரஜாக்கோட அடிமை" என்பார். கருணையாளன் என்று பொருள்படும் ரஹீம் என்ற பெயரைக் குர்ஆனே நபி (ஸல்) அவர்களுக்கும் சொல்கிறது. கருணை மனிதனிடமும் இருக்கலாம். ரஸ்ஸாக் அப்படி இல்லை. அது அவனுக்கு மட்டும்.

இதில் எனக்குப் பிடித்த நுட்பம் ஒன்று உண்டு. அந்நிஸா சூராவின் 8ஆவது வசனம், சொத்துப் பிரிக்கும் நேரத்தில் உறவினரும் அநாதைகளும் ஏழைகளும் வந்து நின்றால் அவர்களுக்கும் அதிலிருந்து கொடுங்கள் என்கிறது. அங்கே 'கொடுங்கள்' என்பதற்கு வருவதும் ரிஸ்க் என்பதோடு ஒட்டிய சொல்லேதான். ஆக, மனிதனும் உணவளிக்கலாம், அளிக்கவும் வேண்டும். கொடுக்கும் கை எனக்கு உண்டு, பத்தாயம் என்னுடையது இல்லை. இந்தப் பெயரை நான் புரிந்துகொண்டிருப்பது இவ்வளவுதான். மீதிக் கட்டுரை முழுக்க இதைத்தான் சொல்லப் பார்க்கிறேன்.

இதை எழுதக் காரணம், இந்தப் பெயர் இப்போது எங்கள் ஊர்களில் புழங்கும் விதம். தொழுகைக்குப் பிறகு இத்தனை தடவை 'யா ரஸ்ஸாக்' ஓதினால் கடன் அடையும், வியாபாரம் பெருகும் என்று வாட்ஸ்அப்பில் தினமும் ஒரு செய்தி வந்துவிடுகிறது. அல்லாஹ்வின் பெயரை நினைந்து ஓதும் திக்ரு நல்லது, நானும் செய்கிறேன். அல்லாஹ்வுக்குத் தொண்ணூற்றொன்பது பெயர்கள் உண்டு, அவற்றை யார் எண்ணிக் காக்கிறாரோ அவர் சொர்க்கம் புகுவார் என்ற ஹதீஸ், அதாவது நபிமொழி, புகாரி, முஸ்லிம் என்ற இரண்டு தொகுப்புகளிலும் இருக்கிறது. அங்கே எண்ணுவது என்பதற்கு மனனம் செய்வது, பொருள் அறிவது, அந்தப் பெயருக்கு ஏற்றபடி நடப்பது என்று மார்க்க அறிஞர்களான உலமாக்கள் விரித்துச் சொல்கிறார்கள். எண்ணிக்கையைக் கொடுத்துப் பணத்தை வாங்கும் பேரமாக இது ஆகிவிட்டால், பெயரைச் சொல்கிறவன் பெயருக்கு உரியவனை மறந்துவிடுகிறான். அதைவிட வருத்தம், ஓதியும் கடன் அடையாதவர் தன் ஈமானையே, இறைநம்பிக்கையையே, சந்தேகப்படத் தொடங்குகிறார். அப்படிக் கலங்கிப்போன பெண்களோடு பெண்கள் மதரஸாவில் உட்கார்ந்து பேசியிருக்கிறேன்.

சரி, அந்தப் பெயர் குடியிருக்கும் சூராவுக்கே போய்ப் பார்ப்போம்.

அத்தாரியாத் மக்காவில் இறங்கியது, மொத்தம் 60 வசனங்கள். தொடக்கமே காற்று. தூவிப் பரத்துபவை மீது சத்தியம், பாரம் சுமப்பவை மீது சத்தியம், இலகுவாகச் செல்பவை மீது சத்தியம், பங்கிடுபவை மீது சத்தியம். நபித்தோழர் அலீ (ரலி) அவர்கள் இந்த நான்கையும் காற்று, மழை மேகம், கப்பல், மலக்குகள் (வானவர்கள்) என்று விளக்கியதாக விரிவுரைகள் சொல்கின்றன. ஐப்பசியில் கிழக்கே கடல் பக்கம் மேகம் கறுத்து வருவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த வரிசை உடனே பிடிபடும். காற்று மேகத்தைத் தள்ளி வருகிறது, மேகம் தண்ணீரைச் சுமந்து வருகிறது, யாருக்கு எவ்வளவு என்று பங்கிடுவது மேலே நடக்கிறது. உணவைப் பற்றிய பேச்சு முதல் வரியிலேயே தொடங்கிவிட்டது என்றுதான் நான் வாசிக்கிறேன்.

19ஆவது வசனத்தில் நல்லடியார்களைப் பற்றிச் சொல்லும்போது, அவர்களுடைய செல்வத்தில் கேட்பவருக்கும் 'மஹ்ரூமு'க்கும் உரிமை இருந்தது என்று வருகிறது. தர்மம் என்றில்லை, உரிமை என்றே. மூன்று வசனம் தள்ளி, "உங்கள் ரிஸ்க்கும் உங்களுக்கு வாக்களிக்கப்பட்டதும் வானத்தில் இருக்கின்றன." அப்புறம் இப்ராஹீம் (அலை) அவர்களின் விருந்தாளிகள். முன்பின் தெரியாதவர்கள் வந்து ஸலாம் சொல்கிறார்கள். அவர் ஓசையில்லாமல் வீட்டாரிடம் போய்க் கொழுத்த கன்றைச் சமைத்துக் கொண்டுவந்து முன்னால் வைக்கிறார், "சாப்பிட மாட்டீர்களா?" என்று கேட்கிறார். வந்தவர்களுக்குச் சங்கடம் இல்லாமல், சொல்லாமல் எழுந்துபோய் ஏற்பாடு செய்தார் என்பதை விரிவுரையாளர்கள் விருந்தோம்பலின் ஒழுக்கமாக எடுத்துக்காட்டுவார்கள். வந்தவர்களோ மலக்குகள், அவர்களுக்கு உணவே தேவையில்லை. அது அவருக்குத் தெரியாது. அவர் உணவை வைத்துவிட்டார்.

இதெல்லாம் கடந்து முடிவில்தான் 57ஆவது வசனம். "அவர்களிடமிருந்து நான் ரிஸ்க் எதையும் விரும்பவில்லை. அவர்கள் எனக்கு உணவளிக்க வேண்டுமென்றும் விரும்பவில்லை." உடனே அடுத்தது ரஸ்ஸாக் என்ற பெயர். அவனுக்கு ஒன்றும் தேவையில்லை, எல்லோருக்கும் கொடுப்பவன் அவன். காற்று, மேகம், உரிமை, விருந்து என்று சூரா முழுக்க நடந்துவந்த பிறகு இந்தப் பெயரைக் கேட்பதற்கும், தனியாகப் பிய்த்தெடுத்துத் தஸ்பீஹ் மணியில் எண்ணுவதற்கும் எவ்வளவு வித்தியாசம்!

19ஆவது வசனத்தில் வந்த அந்த 'மஹ்ரூம்' யார் என்று சொல்லாமல் விட்டேன். கேட்பவர் யார் என்று தெரிகிறது, வாசலில் நிற்பவர். மஹ்ரூம் என்றால் கிடைக்காமல் போனவர். கூச்சத்தால் கேட்காதவர் என்று பலர் பொருள் சொல்கிறார்கள். இப்னு ஸைத் என்ற ஆரம்பகால விரிவுரையாளர் வேறொன்று சொல்கிறார். விளைச்சலோ கால்நடையோ அழிந்துபோனவர்தான் மஹ்ரூம் என்கிறார். அவர் ஆதாரம் காட்டுவது வாகிஆ சூராவை.

எங்கள் தெருவில் மஃரிபு என்ற அந்தித் தொழுகைக்குப் பிறகு வாகிஆ ஓதாத வீடு குறைவு. ஓதினால் வறுமை அண்டாது, பரக்கத் வரும் என்று அம்மா பழக்கியது, அவருக்கு அவர் அம்மா பழக்கியது. ஆனால் அந்தச் சூராவின் நடுவில் விவசாயியைப் பார்த்து ஒரு கேள்வி இருக்கிறது. "நீங்கள் விதைப்பதைப் பார்த்தீர்களா? அதை முளைக்க வைப்பது நீங்களா, நாமா? நாம் நாடினால் அதைச் சருகாக்கிவிடுவோம்." சருகானால் நீங்கள் என்ன சொல்வீர்கள்? "நாங்கள் கடனாளி ஆகிவிட்டோம். இல்லை, நாங்கள் மஹ்ரூம் ஆகிவிட்டோம்." அடுத்தது தண்ணீர். "நாம் நாடினால் அதைக் கசக்கும் உப்பாக்கிவிடுவோம்." கடல் நீர் உள்ளே ஏறி, போர் தண்ணீர் வாயில் வைக்க முடியாமல் போன கடைமடையில் இந்த வசனத்தை ஓதும்போது நாக்கு ஒரு கணம் தயங்கும்.

2016 சம்பாவை இங்கே யாரும் மறக்க முடியாது. மேட்டூர் அணை 1934 முதல் இருக்கிறது, ஜூன் 12 அன்று குறுவைக்குத் திறப்பது வழக்கம். அந்த வருஷம் அந்தத் தேதியில் திறக்கவில்லை. நாளைக்குத் திறப்பார்கள், அடுத்த வாரம் திறப்பார்கள் என்று டீக்கடையில் பேசிப் பேசியே குறுவை போனது. பக்கத்து வயல்காரர் வாசலில் வந்து நின்று, "பாய், ரேடியோவுல எதுனாச்சும் சொன்னானா?" என்று அத்தாவிடம், அதாவது என் அப்பாவிடம், கேட்பார். அப்புறம் வடகிழக்குப் பருவமழையும் பொய்த்தது. நேரடி விதைப்பு செய்த சம்பா முழங்கால் உயரத்திலேயே காய்ந்தது. 2017 ஜனவரியில் தமிழ்நாடு முழுவதும் வறட்சி பாதித்த மாநிலம் என்று அரசு அறிவித்தது. அதற்குள் டெல்டாவில் எத்தனையோ வீடுகளில் சாவு விழுந்திருந்தது. கருகின வயலைப் பார்த்து நெஞ்சடைத்துப் போனவர்கள், மருந்தைக் குடித்தவர்கள்.

அந்த நாட்களில் ஒரு பயானில், அதாவது மார்க்கச் சொற்பொழிவில், தவக்குல் (அல்லாஹ்வையே சார்ந்திருத்தல்) இல்லாதவனுக்குத்தான் இப்படி நடக்கும் என்று ஒருவர் பேசக் கேட்டேன். எனக்கு உடம்பு நடுங்கியது. தவக்குல் பற்றி உமர் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் திர்மிதி என்ற தொகுப்பில் இருக்கிறது. நீங்கள் முறைப்படி அல்லாஹ்வைச் சார்ந்திருந்தால் பறவைக்கு அளிப்பதுபோல் உங்களுக்கும் அளிப்பான், அது காலையில் வெறும் வயிற்றோடு போய் மாலையில் வயிறு நிறைந்து திரும்புகிறது. பறவை கூட்டிலேயே உட்கார்ந்திருக்கவில்லை, போகிறது. எங்கள் விவசாயிகளும் போனார்கள். உழுதார்கள், விதைத்தார்கள், வட்டிக்கு வாங்கி உரம் போட்டார்கள், மழைத்தொழுகைக்கு வெயிலில் நின்றார்கள். இதற்கு மேல் எந்த தவக்குலை அவர்களிடம் கேட்பது?

அப்படியானால் ரஸ்ஸாக் என்ற பெயர் அங்கே என்ன ஆனது? இந்தக் கேள்வியைக் கேட்கக் கூடாது என்று நான் நினைக்கவில்லை. குர்ஆனிலேயே இதைப் பக்கவாட்டில் தொடும் இடம் ஒன்று இருக்கிறது. யாசீன் சூரா, 47ஆவது வசனம். அல்லாஹ் உங்களுக்குக் கொடுத்ததிலிருந்து செலவிடுங்கள் என்று சொன்னால், மறுப்பவர்கள் சொல்கிறார்களாம்: "அல்லாஹ் நாடியிருந்தால் அவனே உணவளித்திருக்கக் கூடியவனுக்கு நாங்கள் ஏன் உணவளிக்க வேண்டும்?" கவனித்துப் பார்த்தால் இது நாத்திகம் பேசுகிறவனின் வாக்கியம் இல்லை. அல்லாஹ்தான் உணவளிப்பவன் என்பதை ஒப்புக்கொண்டு, அதையே சாக்காக வைத்துக் கையை மூடிக்கொள்கிறவனின் வாக்கியம். குர்ஆன் அதை மறுப்பவர்களின் வாயில் வைக்கிறது. பயானில் பேசியவர் சொன்னதும் இந்த வாக்கியத்திற்கு ரொம்ப அருகில் இருந்தது.

இன்னொன்று, முஸ்லிம் தொகுப்பில் பதிவான ஹதீஸ் குத்ஸீ, அதாவது அல்லாஹ் சொன்னதாக நபி (ஸல்) அவர்கள் அறிவித்தது. மறுமையில் அல்லாஹ் கேட்பான்: "ஆதமின் மகனே, உன்னிடம் உணவு கேட்டேன், நீ எனக்கு உணவளிக்கவில்லை." அடியான் திகைத்து, "நீ அகிலங்களின் இறைவன் ஆயிற்றே, உனக்கு நான் எப்படி உணவளிப்பேன்?" என்பான். "என் அடியான் இன்னான் உன்னிடம் உணவு கேட்டான், நீ கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் அதை என்னிடம் கண்டிருப்பாய்." அத்தாரியாத்தில், எனக்கு உணவளிக்க வேண்டுமென்று நான் விரும்பவில்லை என்று சொன்னவனேதான் இங்கே, உன்னிடம் கேட்டேனே என்கிறான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எத்தனையோ இரவு யோசித்திருக்கிறேன். அவனுக்குத் தேவை இல்லை. ஆனாலும் பசித்தவன் நிற்கும் இடத்தில் தன் பெயரைக் கொண்டுபோய் வைத்துவிட்டான். அப்படியானால் 2016இல் விசாரிக்கப்பட வேண்டியது மஹ்ரூமின் ஈமான் இல்லை. அவனுக்கு உரிமையுள்ள செல்வம் யார் யாரிடம் இருந்தது என்பதுதான் விசாரணை. வட்டிக்குக் கொடுத்தவர்கள், பயிர்க் காப்பீட்டை இழுத்தடித்தவர்கள், கல்யாண மண்டபத்தில் ஆயிரம் பேருக்கு பிரியாணி போட்ட நம்மவர்கள், எல்லோரும் அந்த வரிசையில் நிற்கிறோம்.

தண்ணீருக்காக வழக்குப் போடுவதும், மறியல் செய்வதும், கலெக்டர் ஆபீஸ் வாசலில் உட்காருவதும் இந்த நம்பிக்கைக்கு எதிரானவை என்று நினைக்கிறவர்களும் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் காவிரியில் தமிழ்நாட்டுக்கு 177.25 டி.எம்.சி. என்று தீர்ப்புச் சொன்னபோது, அது நடுவர் மன்றம் சொன்னதைவிடக் குறைவு என்று ஊரே கொதித்தது. கொதிக்கத்தான் வேண்டும். ஆற்றை ஓடவிடுபவன் அவன் என்று நம்புவதால்தான், நடுவில் இருக்கும் எந்த அரசும் அதைத் தன் சொந்தப் பொருளாக நினைக்கக் கூடாது என்று சொல்ல எனக்குத் துணிவு வருகிறது. அரபு நாட்டுக்கு சபுர், அதாவது பிழைப்புப் பயணம், போன எங்கள் பிள்ளைகளுக்கும் இதே துணிவு தேவை. பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்ளும் முதலாளியை ரிஸ்க்கின் உரிமையாளனாக மனசில் ஏற்றிவிட்டால் முதுகு நிமிராது.

கஜா புயலைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 2018 நவம்பர் 16 விடியற்காலை அது வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தது. முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், பட்டுக்கோட்டை, பேராவூரணி வரை தென்னந்தோப்புகள் ஒரே ராத்திரியில் படுத்துவிட்டன. அத்தாரியாத்தின் 41, 42ஆவது வசனங்களில் ஆது என்ற பழங்காலக் கூட்டத்தார் மீது அனுப்பப்பட்ட மலட்டுக் காற்று வருகிறது, பட்டதையெல்லாம் மக்கிப்போனதாக ஆக்கிய காற்று. இதை எடுத்துப் பொருத்தி, கஜாவும் தண்டனை என்று பேசினார்கள். ஆதுக்கு அது தண்டனை என்று அல்லாஹ் சொன்னதால் நமக்குத் தெரியும். தென்னை வளர்த்தவருக்கு இது தண்டனை என்று யார் வந்து சொன்னது? அந்த வாரம் கரண்ட் இல்லாத ஊர்களுக்குத் திருச்சியிலிருந்தும் மதுரையிலிருந்தும் வண்டி வண்டியாகச் சோறு வந்தது. கொண்டுவந்தவர்கள் பல சாதி, பல மதம். எங்கள் பள்ளிவாசலில் சமைத்த கஞ்சியும் எல்லாத் தெருவுக்கும் போனது. ரஸ்ஸாக் என்ற பெயரை அந்த வாரத்தில் நான் கண்ணால் பார்த்தேன் என்றே சொல்வேன்.

பழைய மார்க்க அறிஞரான கஸ்ஸாலி இமாம் இந்தப் பெயரை விளக்கும்போது ரிஸ்க்கை இரண்டாகப் பிரிக்கிறார். உடம்புக்கான உணவு வெளி ரிஸ்க், இதயத்துக்கான ஞானம் உள் ரிஸ்க். இரண்டாவதே மேலானது, அதன் பலன் நிலையான வாழ்வு என்கிறார். மறுக்க மாட்டேன். ஆனால் பசித்தவர் இருக்கும் தெருவில் முதலாவதைத் தாண்டிக்கொண்டு இரண்டாவதுக்குப் போக எனக்குக் கால் வரவில்லை.

ஜகாத் என்ற கட்டாய தானத்தில் விவசாயத்துக்கென்று ஒரு கணக்கு இருக்கிறது. வானமும் ஊற்றும் பாய்ச்சிய பயிரில் பத்தில் ஒன்று, இறைத்துப் பாய்ச்சியதில் இருபதில் ஒன்று. இப்னு உமர் (ரலி) அறிவிப்பு, புகாரியில் உள்ளது. செலவில்லாமல் வாய்க்காலில் வந்து பாயும் ஆற்றுத் தண்ணீருக்கும் பத்தில் ஒன்றுதான். மேட்டூர் தண்ணீரில் நூறு மூட்டை கண்டால் பத்து மூட்டை, டீசல் ஊற்றி மோட்டாரில் இறைத்து நூறு கண்டால் ஐந்து. இரண்டும் சரிபாதி என்றால் ஏழரை என்று ஷாஃபிஈ சட்ட வழியின் நூல்கள் கணக்குச் சொல்கின்றன. நீ குறைவாக உழைத்த இடத்தில் நீ அதிகம் கொடு. ஆறு நன்றாக ஓடிய வருஷத்தில் ஏழையின் பங்கும் கூடுகிறது. எந்தத் தண்ணீர் எத்தனை தடவை பாய்ந்தது என்று அத்தா காலண்டரில் குறித்து வைப்பார்.

அல்அன்ஆம் சூராவின் 141ஆவது வசனம், அறுவடை நாளில் அதன் உரிமையைக் கொடுத்துவிடுங்கள் என்கிறது. அறுவடை நாளில், அங்கேயே. என் சின்ன வயதில் அது களத்தில் நடந்தது. தாள் அடித்துத் தூற்றி நெல் குவியும்போது யார் யாரோ வந்து நிற்பார்கள். பள்ளிவாசல் மோதினாருக்கு, வண்ணாருக்கு, நாவிதருக்கு, கணவரை இழந்தவர்களுக்கு, வழிப்போக்கருக்கு என்று அத்தா மரக்காலில் அளந்து முந்தானையில் போடுவார். அறுத்த வயலில் உதிர்ந்த கதிரைப் பெண்கள் பொறுக்கிக்கொள்வார்கள். இப்போது அறுவடை இயந்திரம் வயலில் இறங்கினால் ஒரு மணி நேரத்தில் ஒரு ஏக்கர் முடிந்துவிடுகிறது. நெல் டிராக்டரில் ஏறி நேராகக் கொள்முதல் நிலையம், பணம் பேங்குக் கணக்குக்கு. களம் என்ற இடமே இல்லை. கேட்பவர் வந்து நிற்க ஓர் இடம் இல்லாமல் போனது. மஹ்ரூமோ எப்போதுமே வந்து நிற்காதவர். உரிமை மட்டும் அப்படியே இருக்கிறது. இனி நாம்தான் அவர்களைத் தேடிப் போக வேண்டும்.

போன தையில் எங்கள் தெருப் பெண்கள் சிலர் சேர்ந்து ஒன்றைத் தொடங்கினோம். முன்பு உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசி எடுத்து மதரஸாவுக்கென்று தனிச் சட்டியில் போடும் பழக்கம் எல்லா வீட்டிலும் இருந்தது. அதைத் திரும்பக் கொண்டுவந்தோம். அதோடு, வெள்ளத்திலோ வறட்சியிலோ அந்த வருஷம் பயிரை இழந்தவர்கள் யார் என்று விசாரித்து எழுதி வைக்கிறோம். எந்தத் தெரு, எந்தச் சாதி என்று பார்ப்பதில்லை. ஜகாத்தைப் பெறுவது யார் என்பதற்குத் தனிச் சட்டம் இருப்பதால் அதைத் தனியாகவும், மற்றவர்களுக்கு விருப்ப தானமான சதகாவிலிருந்தும் என்று ஹஜ்ரத் பிரித்துக் கொடுத்தார். பெயர்களைப் பள்ளிவாசலில் படிப்பதில்லை. இப்ராஹீம் நபி எழுந்துபோனதுபோல் ஓசையில்லாமல் நடக்க வேண்டும் என்பது எங்களுக்குள் ஒப்பந்தம்.

இந்த வருஷம் நெல்லாகக் கொடுப்பதா, விலையைப் பணமாகக் கொடுப்பதா என்று பேச்சு ஓடுகிறது. ஹனஃபி சட்ட வழியில் பணமாகவும் கொடுக்கலாம், ஷாஃபிஈ வழியில் விளைந்த பொருளாகவே கொடுக்க வேண்டும். பணம் என்றால் கடன்காரன் கைக்குப் போய்விடும் என்று ஒரு பக்கம், நெல்லை வைத்துக்கொண்டு மருந்துச் செலவுக்கு என்ன செய்வார் என்று இன்னொரு பக்கம். நான் நெல் கட்சி. அதிலும், பயிரை இழந்தவருக்குச் சாப்பாட்டு நெல்லோடு அடுத்த சம்பாவுக்கான விதையும் சேர்த்துக் கொடுக்கலாம் என்கிறேன். அத்தா வயலில் நிற்பது சி.ஆர். 1009 நெல் ரகம். மேல வரப்புப் பக்கம் கலப்பில்லாமல் இருக்கிறது. அந்தப் பகுதியை இயந்திரம் இறங்குவதற்கு முன்னால் கையால் அறுத்து விதைக்கென்று தனியாகக் காயவைக்கச் சொல்லியிருக்கிறேன்.